மட்டம் பார்த்தல்

பொயிண்ட் குக்குக்கு முதன்முதலாக வருகிற எங்கள் சனம் சொல்வது அநேகமாக ஒன்றுதான். "என்ன இது, தோசைக்கல்லு மாதிரிக் கிடக்கு?" உண்மைதான். மெல்பேர்ணின் மேற்கு விளிம்பில், நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் இடையில், மேடு பள்ளம் எதுவுமில்லாமல் விரித்துவிட்ட பாய்போலக் கிடக்கிற நிலம். இந்தத் தட்டையில்தான் அவுஸ்திரேலிய இராணுவம் தனது முதல் பறப்புப் பள்ளியை நடத்தியது. 1914 மார்ச் 1ஆம் திகதி மரச்சட்டமும் துணியுமான பிறிஸ்ரல் பொக்ஸ்கைற் விமானம் ஒன்று இங்கிருந்து எழும்பியது. பிறகு கரையோரத்தில் உப்பளமும் போட்டார்கள். சீற்றம் உப்பளம் 1990களில் கைவிடப்பட்டு இப்போது பறவைகளுக்கான சதுப்புநிலமாக இருக்கிறது. சைபீரியாவிலிருந்து வருகிற சின்னக் கரைப்பறவைகள் அங்கே விசா இல்லாமல் இறங்குகின்றன.

எங்களில் ஒருவனின் தகப்பன், போர் மூடும் வரை ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தவர். உப்பு விளைவிப்பதில் பாதி வேலை மட்டம் பிடிப்பதுதான் என்று அவர் சொல்வாராம். ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் தானாக ஓடவேண்டும். ஓடினால் போதும், விழுந்தடித்து ஓடக்கூடாது. அந்த மகன் ஓய்வு நாளில் பழைய உப்புப் பாத்தி வரம்புகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்லாத்தான் பிடிச்சிருக்கிறாங்கள்" என்று சான்றிதழ் கொடுத்தான்.

ஆனால் இந்த நிலம் தட்டையாக இருக்கிறதே தவிர, அசையாமல் இருக்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுதவேண்டியிருக்கிறது.

மேற்கு விக்ரோரியாவின் பெரும்பகுதி எரிமலைக் குழம்பு ஓடி ஆறிய சமவெளி. அந்தக் கருங்கல் காலங்காலமாகச் சிதைந்து கரிய களியாகியிருக்கிறது. தண்ணீர் கண்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். எங்களில் மூத்தவர் முருங்கனைச் சேர்ந்தவர். அவரை முருங்கன் அண்ணை என்றே வைத்துக்கொள்வோம். இங்கே வந்த முதல் கோடையில் வேலியோரத்து வெடிப்பு ஒன்றுக்குள் மணிக்கட்டு மட்டும் கையை விட்டுப் பார்த்து, "இது எங்கடை மண்ணடா" என்றார். மன்னாரில் முருங்கன் பக்கத்து வயல் மண்ணும் இதே சாதிதான். கோடையில் மாட்டின் கால் வெடிப்புக்குள் இறங்கும், மாரியில் அதே இடத்தில் உழவு இயந்திரம் புதையும். அந்தக் களியை ஒருகாலம் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஏற்றினார்கள். ஆகவே யாழ்ப்பாணத்துக் கல்வீடுகள் பலவற்றில் முருங்கன் மண் கொஞ்சம் கலந்திருக்கும். செம்மண்ணிலும் இயக்கச்சி மணலிலும் வளர்ந்த மற்ற இருவருக்கும் இந்த மண் புதினமாக இருந்தது.

இந்த மண்ணின்மேல் நாங்கள் மூன்று பேர் ஒரு பஸ்ஸுக்குள் குடியிருக்கிறோம்.

பஸ் என்றால் ரொயோற்றா கோஸ்ரர். இளைப்பாறிய வெள்ளைக்காரத் தம்பதியினர் சீற்றுகளைக் கழற்றி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிரூட்டி எல்லாம் பூட்டி நாட்டைச் சுற்றிவந்துவிட்டு, இனி ஏலாது என்ற வயதில் விற்றது. சீட்டுக் காசில் வாங்கினோம். மோட்டர் ஹோம் என்பது இங்கே ஓய்வின் சின்னம். கடற்கரைப் பூங்காக்களில் மடக்குக் கதிரையும் வைன் கிளாசுமாக அவர்கள் வாசலில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்களுடையது ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுப் பக்கவாட்டில் நிற்கிறது. இடப்பக்கச் சக்கரங்கள் கார் விடுகிற கொங்கிறீற்றில், வலப்பக்கச் சக்கரங்கள் மண்ணில். அதற்கு மேல் அங்கே அகலமில்லை.

ஏன் பஸ் என்று கேட்பவர்களுக்கு: வாடகை வீட்டுக்கான படிவத்தில் விசா எப்போது முடிகிறது என்று ஒரு கேள்வி உண்டு. எங்களில் ஒருவனுக்கு அந்தக் கேள்வி இப்போது இல்லை. 2023 பெப்ரவரியில் தற்காலிக விசா வைத்திருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடம் தருவதாக அரசாங்கம் அறிவித்தபோது அவன் உள்ளே வந்துவிட்டான். மற்ற இருவரும் அந்தத் 'துரித பாதை'யில் நிராகரிக்கப்பட்டவர்கள். 2012 ஓகஸ்ற் 13க்குப் பின் படகில் வந்தவர்களுக்கென்று 2014 டிசம்பரில் சட்டமாக்கப்பட்ட பாதை அது. துரிதமாக நிராகரிக்கப்பட்டு, ஆறுதலாக நீதிமன்றத்தில் காத்திருக்கிறார்கள். அந்த மேன்முறையீட்டு அமைப்பையே 2024 ஒக்ரோபரில் கலைத்துவிட்டார்கள். அது கொடுத்த முடிவுகள் மட்டும் கலையவில்லை. ஒரே பஸ், ஒரே உணவகத்துக் குசினி, ஒரே பிரியாணி அண்டா; விசா மட்டும் ஆளுக்கொன்று.

கோயிலில் காணுகிறவர்கள் "எங்கை இருக்கிறியள்?" என்று கேட்டால் "பொயிண்ட் குக்" என்போம். நல்ல ஏரியா என்று தலையாட்டுவார்கள். அதற்குமேல் நாங்கள் பேச்சை வளர்ப்பதில்லை.

*

நிறுத்திவிட்டால் நின்றுவிடும் என்று வாகனத்தைப் பற்றி நினைப்பது பயணம் போகிறவர்களின் நினைப்பு. குடியிருக்கிறவனுக்கு நிறுத்திய பிறகுதான் வேலை தொடங்குகிறது.

இந்தக் கட்டுரையை எழுதும் கை, யாழ் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் வருடம் வரை பௌதிகம் படித்த கை. 2012 கார்த்திகைக்குப் பிறகு அது விடுதிக்குத் திரும்பவில்லை. அந்தப் பௌதிகம் பஸ்ஸின் கீழேதான் முதன்முறையாகப் பயன்பட்டது. முன்சக்கரங்களுக்கு இடையிலான தூரம் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மீற்றர். ஒரு பக்கம் மூன்று சென்ரிமீற்றர் தாழ்ந்தால் ஒரு பாகை சரிவு. நீளப்பாட்டில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையில் நாலு மீற்றர் வரும். அங்கே ஒரு பாகைக்கு ஏழு சென்ரிமீற்றர் வேண்டும். ஆகவே அகலப்பாட்டை முதலில் சரிசெய்யவேண்டும். அதுதான் சின்ன அளவிலேயே கெட்டுப்போவது. நீளப்பாடு பிறகு.

சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடாமல் எதையும் தொடக்கூடாது என்பது முருங்கன் அண்ணையின் சட்டம். ஊரில் உழவு இயந்திரம் பார்த்தவர். இந்த வகைப் பழைய பஸ்கள் பலவற்றில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, நடுவிலே ஓடுகிற தண்டைத்தான் பிடிக்கும். பின்சக்கரம் ஒன்றை ஜக் வைத்துத் தூக்கினால், தூக்கிய சக்கரம் சும்மா சுழலும், மற்றச் சக்கரம் உருளும். இழுத்துவிட்ட கைப்பிரேக் பார்த்துக்கொண்டிருக்கும். நாலைந்து தொன் நிறை ஆளின்மேல் இறங்குவதற்கு அது போதும்.

தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தை ஏறுபலகையில் ஏற்றுவதுதான் முறை. ஜக்கால் தூக்கி வைப்பதல்ல. பின்னுக்கு ஒவ்வொரு பக்கமும் இரட்டை ரயர். பலகை இரண்டுக்கும் கீழே வரவேண்டும். ஒன்றின் கீழ் மட்டும் வைத்தால் இரண்டு பேர் சுமக்கவேண்டியதை ஒருவன் சுமப்பான். (குசினியில் இது எங்களுக்குத் தெரிந்த கணக்கு.) மண் பக்கத்தில் பலகைக்குக் கீழே அகலமான மரம் வேண்டும், பாரம் பரவுவதற்கு. பழைய சிலிப்பர்க் கட்டைகள் கிடைத்தன. ரெட்கம் மரம், இரும்பு மாதிரி. அவற்றை இறக்கும்போது மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. வன்னியில் தண்டவாளத்துச் சிலிப்பர்க் கட்டைகள் எதற்குப் பயன்பட்டன என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும். பங்கருக்கு மேலே வைத்த மரம் இங்கே ரயருக்குக் கீழே போனது.

மட்டம் சரியான பிறகுதான் நான்கு மூலைக்கால்களை இறக்குவது. இவற்றைப் பற்றி ஒரு தப்பபிப்பிராயம் இருக்கிறது. மூலைக்கால் பஸ்ஸைத் தூக்குவதற்கல்ல, ஆடாமல் பிடிப்பதற்கு. பாரம் ரயரிலும் வில்லிலும்தான் இருக்கவேண்டும். கால் நிலத்தைத் தொட்டு, அதன்பின் அரைச்சுற்று இறுக்கினால் போதும். இங்கே மரமில்லாத வெளியில் அடிக்கிற தென்மேல் காற்றுக்கு, கால் இறக்காத பஸ் இரவு முழுக்கத் தொட்டில் மாதிரி ஆடும். தொட்டில் நல்லதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். பதினாறு நாட்கள் வள்ளத்தில் வந்தவர்களுக்கு அந்த ஆட்டம் வேறு. அந்த வள்ளத்தில் மட்டம் பிடிக்கப் பலகையோ கட்டையோ இருக்கவில்லை, நாங்கள்தான் இருந்தோம். "பத்துப்பேர் இந்தப் பக்கம் வாங்கோ, அஞ்சுபேர் அங்காலை போங்கோ" என்று ஓட்டி கத்துவான்; கும்மிருட்டில் மனிதர் நிறையாக இடம் மாறுவோம்.

மட்டம் பார்க்க நீர்மட்டம் வாங்கினோம், ஆனால் உண்மையான கருவி அப்பச்சட்டி. அடுப்பில் வைத்து மாவை ஊற்றிச் சுழற்றினால், நடுவிலே விழவேண்டிய மொத்தம் எந்தப் பக்கம் போய் நிற்கிறதோ அந்தப் பக்கம் தாழ்வு. அரைப் பாகையைக்கூட அப்பம் காட்டிக்கொடுத்துவிடும். வேலையிடத்திலும் இப்படித்தான். பெரிய தோசைத்தட்டின் காலைத் திருகி மட்டம் பார்ப்பது காலை வேலைகளில் ஒன்று, இல்லாவிட்டால் எண்ணெய் முழுக்க ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

*

அப்பம் கோணினால் தின்னலாம், கொஞ்சம் சரிந்தும் படுக்கலாம். சரிவைப் பொறுக்காதது குளிரூட்டிதான். வீட்டுக் குளிரூட்டி மாதிரி உறுமும் மோட்டர் இதில் இல்லை. மின்சாரத்தின் அல்லது காஸின் வெப்பத்தால் குளிர் உண்டாக்குவது. அமோனியா, நீர், ஐதரசன் மூன்றும் அடைத்த குழாய்களுக்குள் கொதித்து, ஆவியாகி, குளிர்ந்து, தன் பாரத்தாலேயே கீழே வடிந்து சுற்றிவருகின்றன. அசைகிற பாகம் ஒன்றுமில்லை. 1922இல் ஸ்ரொக்ஹோமில் வொன் பிளாற்றென், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே கண்டுபிடித்தது. (படிப்பு முடியாதவர்களும் ஏதாவது செய்யலாம் என்பதற்கு நாங்கள் அடிக்கடி சொல்கிற உதாரணம்.) வடிவதற்குச் சரியான சரிவு வேண்டும். பக்கப்பாட்டில் மூன்று பாகைக்கு மேல் பெட்டி சரிந்தால் திரவம் வழியில் தேங்கும், கொதிகலம் வறளும், குளிர் நிற்கும். அப்படியே ஓடவிட்டால் உள்ளே நிரந்தரமாகப் பழுதாகும்.

சென்ற வருடம் யூலையில் இரண்டு நாள் விடாத மழை. நாங்கள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் இரட்டை வேலை. ஞாயிறு இரவு ஒரு மணிக்கு வந்து படுத்தோம். அதிகாலையில் முருங்கன் அண்ணை எழும்பி லைற்றைப் போட்டார். மேசையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை சுவரோடு போய் ஒட்டிக்கொண்டு நின்றது. அவர் கோப்பையைப் பார்க்கவில்லை, குளிரூட்டியைத் திறந்தார். உள்ளே 17 பாகை.

உள்ளே முட்டைக்கும் பச்சைமிளகாய்க்கும் பின்னால், நாங்கள் இருவரும் அதுவரை கவனிக்காத ஒரு பிளாஸ்ரிக் பெட்டி இருந்தது. இன்சுலின். மெடிகெயார் அட்டை செல்லுபடியாகிற நாளில் ஒரே தடவையில் வாங்கிய ஐந்து பெட்டி, இருபத்தைந்து பேனா. விசா முடிந்து அடுத்தது வரும்வரை அந்த அட்டையும் செத்துக் கிடக்கும். அந்த இடைவெளிக்கென்று வைத்திருந்தது. திறக்காத பேனா 2க்கும் 8 பாகைக்கும் இடையில் இருந்தால் அதில் குறித்த திகதிவரை நிற்கும். குளிருக்கு வெளியே வந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ நாலு கிழமை. நாலு கிழமையில் அவருக்கு நாலு பேனாதான் முடியும். மிச்சம் குப்பைக்கு. அட்டையில்லாமல் மறுபடி வாங்குவதென்றால் நூற்றுக்கணக்கான டொலர்.

ஒரே பஸ்ஸில் இரண்டு வருடம் படுத்தெழும்பியும் அவருக்குச் சீனி வருத்தம் என்று எங்களுக்குத் தெரியாது. ஊசியை வேலையிடத்துக் கழிப்பறையில் போட்டிருக்கிறார். ஊரிலிருக்கும் மனைவிக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. "வருத்தக்காரன் எண்டு தெரிஞ்சால் அவள் வாவெண்டுதான் சொல்லுவாள்" என்றார். போக முடியாது, போவதை நினைக்கவும் முடியாது என்பது எங்களுக்கு விளங்கும். பதின்மூன்று வருடமாகக் கணவனைப் பார்க்காத ஒருத்தியிடம் அதை ரெலிபோனில் விளங்கப்படுத்துவது வேறு.

வீட்டுக்கார அக்காவின் கதவைத் தட்டத்தான் வேண்டும். அண்ணை தட்டமாட்டேன் என்றார். விடியும் வரை பேசினோம். ஆறரைக்கு அக்கா பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்ட எழும்பி குசினி லைற் எரிந்தபோது, அவரே பெட்டியைக் கையிலெடுத்துக்கொண்டு போனார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. பட்டர் வைக்கிற தட்டிலிருந்த பட்டரை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பெட்டியை உள்ளே வைத்து, பிள்ளைகளுக்குக் கேட்கச் சொன்னா: "இது மாமாவின்ரை மருந்து. ஒருத்தரும் தொடக்கூடாது." மருந்துக்கடையில் கேட்டபோது ஓரிரவு 17 பாகையால் பழுதாகியிராது, இனிமேல் குளிர் தவறக்கூடாது என்றார்கள்.

*

வெளிச்சம் வந்தபின்தான் காரணம் தெரிந்தது. கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய் ஒன்று பஸ்ஸின் பக்கமாக வருகிறது. வீட்டைக் கட்டியவர்கள் அதை நிலத்தடி வடிகாலோடு பொருத்தாமல் மண்ணோடு விட்டிருந்தார்கள். புல் மூடிக் கிடந்ததால் வீட்டுக்காரருக்கும் அதுவரை தெரியாது. இரண்டு நாள் மழை முழுக்க எங்கள் வலப்பக்கச் சக்கரத்தடியில் இறங்கியிருக்கிறது. களி இளகிச் சிலிப்பர்க் கட்டை ஒரு பக்கமாக ஏழு சென்ரிமீற்றர் அமிழ்ந்திருந்தது. அதே நேரம் கொங்கிறீற்றின் அடியிலும் நிலம் ஊதி, அதன் விளிம்பை இரண்டு சென்ரிமீற்றருக்குக் கிட்டத் தூக்கியிருந்தது. ஒரே மழை, பாரமும் நெகிழ்வும் இருந்த இடத்தில் தாழ்த்தியது, மூடிக்கிடந்த இடத்தில் உயர்த்தியது. ஏழும் இரண்டும் ஒன்பது. மூன்று பாகை.

அண்ணை பிளாஸ்ரிக் குழாய் ஒன்றைப் பூட்டித் தண்ணீரை முன்பக்க வடிகாலுக்குத் திருப்பினார். முருங்கனில் வீடு கட்டுகிறவர்கள் அத்திவாரத்துக்குக் களியை வெட்டியெறிந்து மணல் போடுவார்களாம். எங்களுக்கும் அதுதான். சக்கரத்தடியில் ஒரு முழம் வெட்டி, உடைகல் நிரப்பி இடித்து, அதன்மேல் கட்டை. குளிரூட்டியை நிறுத்தி ஒரு நாள் ஆறவிட்டு, மட்டமானபின் போட்டோம். மறுநாள் 4 பாகை காட்டியது. ஆனாலும் இன்சுலின் அக்காவின் பட்டர்த் தட்டில்தான் இருக்கிறது. அண்ணை காலையில் போய் எடுப்பார், அக்கா தேத்தண்ணி கொடுப்பா.

அந்தத் தேத்தண்ணி ஒன்றின்போதுதான் அக்கா கேட்டா, "தம்பியவை, உங்கடை மட்டம் பாக்கிற சாமானாலை வீட்டையும் ஒருக்கால் பாக்கலாமோ?" மாரியில் குளியலறைக் கதவு நிலத்தில் உரசுகிறது, கோடையில் தானாகச் சரிவருகிறது. வாசலுக்கு மேலே சுவரில் மூலைவாட்டாக ஒரு மயிர் வெடிப்பு.

இந்தப் பக்கத்து வீடுகளின் கதை இது. வீடு கட்டும் நிலத்தை இங்கே அது எவ்வளவு ஏறியிறங்கும் என்பதைக் கொண்டு வகுக்கிறார்கள். 'எம்' என்றால் 40 மில்லிமீற்றர் வரை, 'எச்1' 60, 'எச்2' 75, அதற்கும் மேல் 'ஈ'. மேற்கு மெல்பேர்ணில் நல்ல வகுப்பு மண் கிடைப்பது அரிது. 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய நீண்ட வரட்சிக் காலத்தில், வறண்டு சுருங்கிய களியின்மேல் அவசரமாகக் கொங்கிறீற் தட்டுப் போட்டுப் புறநகர்கள் எழும்பின. 2010க்குப் பின் மழை வந்தபோது களி ஊதி, தட்டின் ஓரங்கள் எழும்பி, சுவர்கள் பிளந்தன. வழக்குகளும் நடந்தன. வரட்சியில் அளந்த நிலம் மாரியில் வேறு நிலம்.

பத்து மீற்றர் தெளிவான குழாயில் தண்ணீரை நிரப்பி, ஊரில் மேசன்மார் செய்வதுபோல, ஒருவர் விறாந்தை நடுவிலும் ஒருவர் மூலைகளிலுமாகப் பிடித்தோம். தண்ணீர் பொய் சொல்லாது. குழாய்த் தண்ணீர் இறங்கிய மூலை 24 மில்லிமீற்றர் உயர்ந்திருந்தது. அக்கா கொஞ்ச நேரம் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றா. முப்பது வருடக் கடனில் ஒன்பதாவது வருடம். "இவருக்கு இப்ப சொல்லவேண்டாம். அவர் இரவு வேலை, நித்திரை கொள்ளமாட்டார்" என்றா. பிறகு, "உங்கடை பஸ்ஸுக்கு வைக்கிறமாதிரி இதுக்குப் பலகை வைக்கேலாதென்ன" என்று தானே சிரித்தா.

பலகை வைக்க முடியாதுதான். செய்யக்கூடியவை சிலவற்றைச் செய்தோம். சுவரோரத்துப் பூம்பாத்திக்கு ஊற்றுகிற தண்ணீரைக் குறைத்து, மண் வீட்டைவிட்டு விலகிச் சரியும்படி அணைத்து, சுவரோடு நின்ற இளம் யூக்கலிப்ரஸைப் பிடுங்கினோம். கூரைக் குழாயை நிரந்தரமாகப் பொருத்த, லைசென்ஸ் உள்ள குழாய் வேலைக்காரரைப் பிடித்து அக்கா காசு கட்டினா. இந்த மண்ணில் எல்லா இடத்திலும் ஈரம் ஒரே அளவாக இருந்தால் வீடு தாங்கும். ஒரு மூலை குடித்து, மறு மூலை காய்ந்தால்தான் முறியும்.

அயலில் யாரோ ஒருவர் பஸ்ஸுக்குள் ஆட்கள் குடியிருக்கிறார்களா என்று கேட்டதாக அக்கா சொன்னா. வாகனத்தில் குடியிருப்பதற்கு நகரசபைக்கு நகரசபை விதி வேறு. "என்ரை தம்பிமார் வந்து நிக்கினம் எண்டு சொல்லிப்போட்டன்" என்றா. அண்ணையின் வழக்குக்கு இன்னும் திகதி குறிக்கவில்லை. நிரந்தரம் கிடைத்தவன் தனியாக ஓர் அறை எடுக்கலாம், இன்னும் எடுக்கவில்லை.

ஒவ்வொரு மாத முதல் திங்களும், எங்களுக்கு வேலையில்லாத நாளில், குழாயைப் பிடித்து இரண்டையும் அளக்கிறோம். அக்கா குசினியில் தொங்குகிற கோயில் கலண்டரில், அமாவாசைக்கும் ஏகாதசிக்கும் பக்கத்தில், பென்சிலால் எழுதிவைக்கிறா. கடைசியாக எழுதியது: பஸ் 4, வீடு 17.